தனித்துவமும் இல்லை, தனிமையும் இல்லை: ‘டிஸ்டிங்க்ட் கவுண்ட்’ தமிழில்

பெங்களூருவில் தரவு அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருக்கும் தமிழர்கள், புதிதாக வருகிறவர்களுக்காகத் தமிழிலேயே பாடக்குறிப்புகள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு பட்டியலில் திரும்ப வருவதை மறுபடி எண்ணாமல், எத்தனை வெவ்வேறு மதிப்புகள் (பெயர், எண் போன்றவை) உள்ளன என்று காணும் ‘டிஸ்டிங்க்ட் கவுண்ட்’ என்பதை ஒருவர் மாற்றி ஒருவர் ‘தனித்துவ எண்ணிக்கை’ என்றே எழுதிவருகிறார்கள். அது தவறு.

‘டிஸ்டிங்க்ட்’ பிரித்தறிவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தனித்துவம் என்று பெயர்க்கத் தூண்டும் ‘யூனிக்’ வேறு சொல், அதன் வேர் ‘ஒன்று’ என்னும் லத்தீன் சொல். தரவுத்தளங்களைக் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியிலும் அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளிலும் முன்னது உண்டு, எக்செல் அட்டவணை மென்பொருளின் ஒரு சூத்திரத்துக்குப் பின்னதே பெயர். அந்த ‘யூனிக்’ சூத்திரம் வழக்கமாக வெவ்வேறானவற்றைப் பட்டியலிடும். ஒரு தெரிவை மாற்றினால், ஒரே ஒருமுறை வந்தவற்றை மட்டும் தரும். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு கடைக்கு 5 ரசீதுகள் என்று வைத்துக்கொள்வோம். அல்சூர் கிளையில் செல்வி, குமார், மறுபடியும் குமார். சிவாஜிநகர் கிளையில் செல்வி, ரஹீம். வெவ்வேறு வாடிக்கையாளர்கள் 3 பேர். ஒரே ஒருமுறை வந்தவர் ரஹீம் மட்டுமே. இப்போது ‘தனித்துவ வாடிக்கையாளர்கள்’ எத்தனை பேர்? மூவரா, ஒருவரா? தமிழ் தெரிந்தவர் எவரும் மூன்றாவதாக ஒரு பொருளைத்தான் கொள்வார்: பிறரிடம் இல்லாத சிறப்பு உடையவர்கள். ஒரு கவிஞரின் நடைக்குத் தனித்துவம் உண்டு. ரசீதில் உள்ள பெயருக்கு ஏது? அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்த வாக்கியத்தைத் தமிழாக ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத மொழிபெயர்ப்பு இது.

‘தனித்த எண்ணிக்கை’ என்பாரும் உண்டு. அது தனியாக எடுத்த கணக்கு என்று பொருள்படும். போதாக்குறைக்கு, எண்ணப்படும் மதிப்புகளைச் சேர வேண்டிய அடைமொழி எண்ணிக்கையின் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. ‘வேற்றெண்ணிக்கை’ தூய தமிழ்தான், சுருக்கமும்கூட. ஆனால் வேற்றூர், வேற்றாள் என்று அந்நியத்தைச் சுட்டும் அடையை இங்கே கொண்டுவந்தால் வேறு யாருடைய கணக்கோ என்று தோன்றும். தூய்மை எனக்கும் வேண்டியதே. தெளிவைக் கெடுக்கும் தூய்மையை ஏற்க மாட்டேன்.

வேறு என்பது இரட்டித்துப் பிறந்த ‘வெவ்வேறு’ நம்மிடம் இருக்கிறது. ‘வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கை’ என்று முழுதாக எழுதுங்கள். ‘வெவ்வேறு எண்ணிக்கை’ என்று குறுக்கினால் பல எண்ணிக்கைகள் என்றாகிவிடும்.

ஒரு கிளையை மட்டும் எண்ணு என்பதுபோல நிபந்தனை சேரும்போது ‘நிபந்தனை எண்ணிக்கை’ என்று மொட்டையாக எழுதுவதும் பரவுகிறது. எது முதலில் நடக்கிறது என்பதே அதில் இல்லை. ‘வடிகட்டி எண்ணுதல்’ என்றால் வினையெச்சமே வரிசையைச் சொல்லிவிடும்: அல்சூர் ரசீதுகளை மட்டும் முதலில் பிரித்தெடுத்து, அவற்றில் உள்ள வெவ்வேறு பெயர்களை எண்ணுகிறோம், விடை 2. சிவாஜிநகருக்கும் 2. இரண்டையும் கூட்டி மொத்தம் 4 என்று அறிக்கையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செல்வி இரு கிளைகளிலும் இருப்பதால் மொத்தம் 3தான். தலைப்பில் ‘வெவ்வேறு வாடிக்கையாளர்கள்’ என்று இருந்தால் கூட்டுவதற்கு முன் கை தயங்கும். ‘தனித்துவ எண்ணிக்கை’ என்று இருந்தால் எதைக் கண்டு தயங்குவது?