ஆன்டி-இன்கம்பன்சி: ஆட்சி மேல் கோபமா, ஆள் மேல் கோபமா?

வாக்கு எண்ணும் நாளில் முன்னணி நிலவரம் கொஞ்சம் தெளிந்ததும் தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் வந்து விழும் சொல் ‘ஆன்டி-இன்கம்பன்சி’, அதாவது பதவியில் இருப்பவர்கள் மேல் மக்களுக்கு உண்டாகும் அதிருப்தி. ஆளுங்கட்சி தோற்றால் அதுதான் காரணம். ஜெயித்துவிட்டாலோ, ‘ஆன்டி-இன்கம்பன்சியையும் மீறி ஜெயித்துவிட்டார்கள்’. எப்படிப் போட்டாலும் விடை வரும் கணக்கு!

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்கும்பெரே’ என்றால் ஒன்றின் மேல் சாய்தல், படுத்தல். இடைக்கால இங்கிலாந்தில், மானியத்தோடு கூடிய தேவாலயப் பொறுப்பை வகித்த பாதிரியாருக்கு ‘இன்கம்பன்ட்’ என்று பெயர். பிறகு அது எந்தப் பதவியில் இருப்பவருக்கும் பொதுவானது. ‘உன் மேல் விழுந்த கடமை’ என்ற பொருளிலும் ஆங்கிலத்தில் இதே சொல் உண்டு. கோழிமுட்டை பொரிக்கும் இன்குபேட்டரும் இதற்குப் பங்காளிதான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அடைகாக்கும் தலைவர்களைப் பார்த்தால், சொல்லுக்கும் பொருளுக்கும் தூரமில்லை என்றே தோன்றுகிறது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லோடு பெரும்பாலும் ஒட்டி வருவது ‘அனுகூலம்’. பதவியில் இருப்பவருக்கு முகம் தெரியும், நிதி திரளும், தொகுதிக்குச் செய்ததைச் சொல்லிக் காட்டலாம். அங்கே பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி நிற்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஜெயிப்பதுதான் வழக்கம். நம் நாட்டில் பதவி பெரும்பாலும் சுமை. அதனால்தான் இங்கே ‘ஆன்டி’ இல்லாமல் அந்தச் சொல் காதில் விழுவதே அபூர்வம்.

சரி, தமிழில்? ‘ஆட்சி எதிர்ப்பு அலை’, ‘எதிர்ப்பலை’, ‘அதிருப்தி அலை’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு உறுத்துவது அந்த ‘அலை’. 1996-இல் தமிழ்நாட்டில் வீசியது அலைதான், மறுப்பே இல்லை. 234 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை 4. முதல்வராக இருந்த ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஆனால் 2006-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்சி மாறியது, ஆனால் தி.மு.க. பெற்றவை 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். கூட்டணிக் கட்சிகளின் ஆதரவோடுதான் ஆட்சி நடந்தது. அதையும் ‘அலை’ என்றால் 1996-க்கு வேறு சொல் தேட வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. ‘இன்கம்பன்ட்’ என்பவர் ஓர் ஆள். ‘ஆட்சி எதிர்ப்பு’ என்றதும் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். கட்சிக்காரர்கள் இந்தத் தவறைச் செய்வதில்லை. தொகுதியின் நடப்பு உறுப்பினருக்கு அவர்களிடம் ‘சிட்டிங்’ என்ற சொல் இருக்கிறது. ‘சிட்டிங்குக்கு இந்தத் தடவை சீட் இல்லையாம்’ என்பார்கள். ‘ஆட்சி மேல் கோபமில்லை, சிட்டிங் மேல்தான்’ என்று பிரித்தும் சொல்வார்கள். வாக்குக் கேட்டு வேட்பாளர் தெருவுக்குள் வரும்போது குழாயடியில் குடத்தோடு நிற்கும் அம்மா, ‘அஞ்சு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல, இப்ப என்ன வழி தெரிஞ்சுதா?’ என்று கேட்பது முதல்வரை அல்ல.

இந்த வித்தியாசத்தை வைத்தே கணக்குப் போட்ட தேர்தல் கேரளத்தில் 2021-இல் நடந்தது. 1982 முதல் அங்கே இடதுசாரி அணியும் காங்கிரஸ் அணியும் மாறி மாறித்தான் ஆண்டன. அப்போது ஆட்சியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சி, தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்தவர்களுக்கு மூன்றாம் முறை சீட் இல்லை என்று பொதுவிதியாக வைத்து, தாமஸ் ஐசக், ஜி.சுதாகரன் போன்ற அமைச்சர்களையே ஒதுக்கியது. முதல்வர் மட்டும் மாறவில்லை. முடிவில் இடதுசாரி அணிக்கு 140-இல் 99 இடங்கள். கொரோனா காலத்தில் வீடுதோறும் போன உணவுக் கிட்டுக்கும் அதில் பங்குண்டு என்பார்கள், இருக்கலாம். ஆனால் பழைய முகங்களின் மேல் இருந்த சலிப்பு ஆட்சியின் தலையில் விடியாமல் பார்த்துக்கொண்டது நல்ல தந்திரம்.

அப்புறம், அதிருப்தி இருந்தால் மட்டும் போதாது, அது ஒரே பெட்டியில் விழவும் வேண்டும். தமிழ்நாட்டில் 1989 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் மாறிக்கொண்டிருந்த ஆட்சி 2016-இல் மாறவில்லை. தி.மு.க. அணியும் அ.தி.மு.க.வும் வாக்கு விகிதத்தில் ஏறக்குறைய ஒட்டி ஒட்டி வந்தன. தே.மு.தி.க.வோடு சேர்ந்து நின்ற மக்கள் நலக் கூட்டணிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் ஆட்சி வேண்டாம் என்ற வாக்கில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போனது. ‘எதிர்ப்பு ஓட்டு சிதறியது’ என்று அன்று சொன்னார்கள். அது சரியான தமிழ். அதில் திருத்த ஒன்றுமில்லை.

ஆகவே நான் எழுதும்போது அரசின் மேல் உள்ள கோபத்துக்கு ‘ஆட்சி எதிர்ப்பு’ என்றும், உறுப்பினரின் மேல் உள்ளதற்கு ‘நடப்பு உறுப்பினர் மீதான அதிருப்தி’ என்றும் பிரித்தே எழுதுகிறேன். இரண்டாவது நீளம்தான். தலைப்பில் இடமில்லாவிட்டால் ‘சிட்டிங் அதிருப்தி’ என்று போட்டுவிடலாம், யாருக்கும் புரியாமல் போகாது. ‘அலை’யை எண்ணிக்கை முடிந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோபம் எதுவும் இல்லாமல் வெறும் பழக்கமாக நடக்கும் மாற்றத்துக்கு ஊரில் பெயர்ச்சொல்லே கிடையாது. ‘போன தடவை அவங்களுக்குப் போட்டாச்சு, இந்தத் தடவை மாத்திப் போட்டுப் பார்ப்போம்’ என்பார்கள், அவ்வளவுதான்.