புகைப்படம், குறுந்தகடு, ஒரே பிரிண்டர்: மை விழும் பரப்பைப் பாருங்கள்

பழைய போட்டோ பிரிண்டர் நின்றுபோய் அடுத்ததைத் தேடிக் கடைக்குப் போனால், முதலில் காட்டப்படுவது ஓர் எண்: 5760 × 1440 டிபிஐ. அந்த எண்ணை நம்பிப் பணத்தைக் கொடுப்பவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. படம் எவ்வளவு நன்றாக வரும், எத்தனை ஆண்டு நிறம் மாறாமல் நிற்கும் என்பதையெல்லாம் முடிவு செய்வது மையும், அது விழும் பரப்பும்தான்.

டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இடங்களைக் குறிவைத்துத் துளியை விட முடியும் என்ற கணக்கு. பிரிண்டரால் மையில் தண்ணீர் கலந்து வெளிர் நிறம் உண்டாக்க முடியாது. இளநீலம் வேண்டுமென்றால் நீலத் துளிகளை இடைவெளி விட்டுத் தெளித்து, நடுநடுவே காகிதத்தின் வெண்மை தெரியும்படி விட வேண்டும். படத்தின் ஒரே ஒரு புள்ளிக்கே இப்படிப் பல துளிகள் தேவைப்படுகின்றன. 4 × 6 அங்குலப் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். அதாவது 1200 × 1800, ஏறக்குறைய 22 லட்சம் புள்ளிகள். இன்றைய கைப்பேசிக் கேமராக்கள் இதைவிடப் பல மடங்கு தருகின்றன.

இந்தத் தெளிப்பு முறை தடுமாறுவது வெளிர் நிறங்களில்தான். மணப்பெண்ணின் கன்னத்திலும் காலை வானத்திலும் துளிகள் அரிதாக விழுவதால் படம் சொரசொரப்பாகத் தெரியும். துளியைச் சிறிதாக்குவது ஒரு தீர்வு. நல்ல போட்டோ பிரிண்டர்கள் விடும் மிகச் சிறிய துளி 1 முதல் 2 பிக்கோலிட்டர். ஒரு மில்லிலிட்டர் மையில் 1 பிக்கோலிட்டர் துளிகள் நூறு கோடி இருக்கும். ஒவ்வொன்றின் குறுக்களவு 12 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். இன்னொரு தீர்வு, வெளிர் மைகளைத் தனியாகவே வைத்துவிடுவது. எப்சன் எல்805 பிரிண்டரில் கருப்பு, சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் ஆகியவற்றோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என ஆறு மைகள் இருப்பது இதற்காகத்தான். முகங்களை அச்சிடுகிறவர் நான்கு மை பிரிண்டரோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நான்கு மை பிரிண்டர்கள் பலவற்றில் இன்னொரு குறையும் உண்டு. அவற்றின் கருப்பு, எழுத்துகளுக்கென்று செய்த பிக்மென்ட் மை, அதாவது நிறம் நுண்துகள்களாக மிதக்கும் மை. பளபளப்பான போட்டோ காகிதத்தில் அது சரியாக ஒட்டாது. அதனால் பிரிண்டர் அதைத் தொடாமல், மற்ற மூன்று நிறங்களையும் கலந்து கருப்பைத் தயாரித்துக்கொள்கிறது. கூந்தலில் செம்பழுப்புச் சாயல் தெரிவதற்கு இது ஒரு காரணம். போட்டோவுக்கென்று தனிக் கருப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

துளியை வெளியே தள்ளுவதில் இரண்டு வழிகள் உள்ளன. 1977இல் கேனன் ஆய்வுக்கூடத்தில் மை நிரம்பிய ஊசியின் மேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீச்சியடித்தது. அங்கிருந்த ஆய்வாளர் இச்சிரோ எண்டோ அந்த நிகழ்வைப் பிடித்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில் ஹெச்பி நிறுவனமும் தனியாக இதே முறையை எட்டியது. பிரிண்டரின் ஹெட்டில், அதாவது மையைத் துளியாக விடும் பகுதியில், ஒவ்வொரு துளைக்கும் பின்னால் இருக்கும் நுண்ணிய சூடாக்கி, மைக்ரோநொடிகளில் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. உடனே ஒரு நீராவிக் குமிழ் விரிந்து மையைத் தள்ளுகிறது. குமிழ் சுருங்கும்போது புதிய மை உள்ளே வருகிறது. எப்சன் சூட்டை நாடவில்லை. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் பியேர், ழாக் க்யூரி சகோதரர்கள் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அவை உருமாறவும் செய்யும். அந்த அசைவுதான் எப்சன் பிரிண்டரில் துளியைத் தள்ளுகிறது. இதைப் பியசோ முறை என்பார்கள்.

வாங்குகிறவருக்கு இதில் என்ன? சூட்டில் இயங்கும் ஹெட் நாளடைவில் தேய்ந்துபோகும். ஆனால் பல மாடல்களில் அதைக் கழற்றி மாற்றிவிடலாம். பியசோ ஹெட் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மை காய்ந்து அடைத்துக்கொண்டால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும், செலவும் கடுமை. எதை வாங்கினாலும் வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லா நிறமும் வரும்படி ஒரு படம் அச்சிடுவது, அடிக்கடி ஹெட் கிளீனிங் செய்வதைவிட மலிவு. கிளீனிங்கில் உறிஞ்சப்படும் மை முழுவதும் கழிவாகவே போகிறது.

இனி மையின் ஆயுள். டை மை சர்க்கரை கரைந்த தண்ணீர் என்றால், பிக்மென்ட் மை மஞ்சள்தூள் கலக்கிய தண்ணீர். முன்னதில் நிறம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருக்கும். பின்னதில் நுண்துகள்களாக மிதக்கும். டை மை காகிதத்தின் பூச்சுக்குள் இறங்கி, பளபளப்பைக் கெடுக்காமல் பளிச்சென்று நிற்கும். ஆனால் ஒளியும் ஓசோனும் அந்தத் தனித்தனி மூலக்கூறுகளை எளிதில் சிதைக்கும். பிக்மென்ட் துகளிலோ வெளியில் இருக்கும் மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைக் காக்கின்றன. 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் எடுத்த சில படங்கள் மிக விரைவில் ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. காற்றிலிருந்த ஓசோன் சயான் சாயத்தைத் தாக்கியதே காரணம். உடனே காய்வதற்காக நுண்துளைகளோடு செய்யப்பட்ட காகிதப் பூச்சு, காற்றையும் தாராளமாக உள்ளே விட்டிருந்தது. டை மைகள் அதன்பின் நிறையத் தேறிவிட்டன. என்றாலும் சுவரில் மாட்டும் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதும், அசல் மையை விட்டு விலகாமலிருப்பதும் இன்றும் பலன் தரும்.

சில பிரிண்டர்கள் குறுந்தகட்டின் மேலும் நேராக அச்சிடும். அங்கே இந்தப் பரப்புச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. சிடியின் 1.2 மில்லிமீட்டர் தடிமனில் தகவல் இருக்கும் அடுக்கு, நாம் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு மட்டும்தான். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தகவல் போய்விடக்கூடும். டிவிடியில் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே தகவல் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஸ்டிக்கர் ஒட்டினால் எடை ஒரு பக்கம் சாய்ந்து, வேகமாகச் சுழலும்போது தகடு அதிரும். மேல்பரப்பில் நேராக அச்சிடுவதே நல்லது. அதற்கு மையை உறிஞ்சும் வெள்ளைப் பூச்சு கொண்ட 'பிரிண்டபிள்' தகடுதான் வேண்டும். சாதாரணத் தகட்டில் மை காயவே காயாது.

தகடு வளையாது. ஆகவே அதைத் தட்டில் வைத்து நேர்கோட்டில் உள்ளே செலுத்தும் பாதை பிரிண்டரில் இருக்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் இது கிடையாது. பின்னால் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. எப்சன் எல்805, அதன் பின் வந்த எல்8050, கேனன் டிஎஸ்8300 வரிசை ஆகியவற்றில் இருக்கிறது. பழைய பிரிண்டரின் தட்டு புதியதற்குப் பொருந்தாது. பெட்டிக்குள் தட்டு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

வெள்ளைப் பூச்சு சில தகடுகளில் நடுவே 46 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை விட்டுவிட்டுத் தொடங்கும், சிலவற்றில் 23 மில்லிமீட்டரிலேயே தொடங்கிவிடும். அளந்து அந்த அளவை மென்பொருளில் கொடுக்காவிட்டால், நடுவில் வெறும் பிளாஸ்டிக் மீது விழுந்த மை தட்டிலும் அடுத்த தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். தகவலை எழுதி முடித்த பிறகே அச்சிடுங்கள். அச்சிடும்போது அடிப்பக்கத்தில் படும் தூசியும் கைரேகையும் எழுதுவதைக் கெடுக்கும். அச்சிட்ட தகட்டை வெயில் படாத இடத்தில் 24 மணி நேரம் காயவிட்டுப் பிறகு டிரைவில் போடுங்கள்.