தூங்கி எழுந்தால் அம்மா வருவாள்

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பால்வாடி. காலை பத்தரை மணி இருக்கும். மூன்று வயதுப் பையன் ஒருவன் பாயைத் தானே இழுத்துப் போட்டு, கண்ணை இறுக மூடிப் படுத்தான். பத்து எண்ணுவதற்குள் எழுந்து டீச்சரிடம் போய் நின்றான். "தூங்கி எந்திரிச்சிட்டேன். அம்மா எங்க?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவன் கணக்கில் தப்பே இல்லை. அழுதுகொண்டு வந்த முதல் நாளில் "மூணு மணிக்கு அம்மா வருவாங்க" என்று டீச்சர் சொல்லவில்லை. "சாப்பிட்டு, தூங்கி எந்திரிச்சா அம்மா வந்துடுவாங்க" என்றுதான் சொன்னார். பையன் சாப்பாட்டைத் தாண்டி நேராகத் தூக்கத்துக்குப் போய்விட்டான், அவ்வளவுதான்.

மணியும் நிமிடமும் பிள்ளைகள் பிறகு கற்றுக்கொள்பவை. எதற்குப் பின் எது வரும் என்பது அதற்கு வெகு முன்பே பிடிபட்டுவிடும். அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சன் 1970களின் பிற்பகுதியிலிருந்து சின்னப் பிள்ளைகளிடம் அன்றாடம் நடப்பதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்று வயதுக்காரர்கள்கூட ஏறக்குறைய சரியான வரிசையில் சொன்னார்கள். அதுவும் ஒருநாள் நடந்த கதையாக இல்லை. எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்கிற தொனியில். மனதுக்குள் இருக்கும் இந்த வரிசையை அவர் 'ஸ்கிரிப்ட்' என்று அழைத்தார்.

இது ஏன் இவ்வளவு உதவுகிறது? கையில் இருப்பதைக் கீழே வை, உன் முறை வரும்வரை பொறு, சொன்னதை நினைவில் வை: இவையெல்லாம் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. அந்தப் பகுதி இருபது வயது தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கும். மூன்று வயதில் அது எவ்வளவு பாரம் தாங்கும்? தினமும் ஒரே வரிசையில் ஒன்றைச் செய்தால், பழக்கங்களைக் கவனிக்கும் ஆழ்மூளைப் பகுதிகள் அந்த வேலையை மெல்ல வாங்கிக்கொள்கின்றன. கை கழுவு, தட்டு எடு, சுவரோரம் உட்கார் என்று ஒவ்வொன்றாக யோசிக்க வேண்டியதில்லை. பால்வாடி அழுகையில் பாதி, ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வரும். அங்கேதான் டீச்சர் பாட்டை எடுக்கிறார். கை கழுவும் பாட்டு தொடங்கினால் பொம்மையைப் பிடுங்க வேண்டியதே இல்லை, பாதிப் பேர் தாங்களாகவே குழாயடிக்குப் போய்விடுகிறார்கள்.

வயிறும் இந்த வரிசையைப் படித்துக்கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன், வழக்கமான சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பே ரத்தத்தில் ஏறத் தொடங்கும்.

தூக்கத்துக்கு வருவோம். "பால்வாடியில என்ன, சும்மா தூங்க வைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று வயதிலேயே எல்.கே.ஜி.யில் போட்டு ஹோம்வொர்க் எழுத வைப்பவர்கள் நம் ஊரில் அதிகம். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை அழுத்தும். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அழுத்தம் பெரியவர்களைவிட வேகமாக ஏறும். அமெரிக்காவில் ரெபெக்கா ஸ்பென்சரின் குழு 2013இல் ஒரு சோதனையை வெளியிட்டது. பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் எந்தப் படம் எந்தக் கட்டத்தில் என்று நினைவு வைக்கும் விளையாட்டு. மதியம் தூங்கிய நாளில் அதிகம் நினைவிருந்தது. தூங்காத நாளில் மறந்ததை அன்றைய இரவுத் தூக்கம் ஈடுகட்டவில்லை. தினமும் மதியம் தூங்கும் பிள்ளைகளிடம்தான் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆக, காலையில் பாடிய பாட்டு பாயில் படுத்திருக்கும்போதுதான் கெட்டிப்படுகிறது. மூன்று, நான்கு வயதுக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

இன்னொரு பயன் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ரொம்பவே பொருந்தும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு டீச்சர் பேசும் தமிழ் முதலில் வெறும் சத்தம். ஆனால் 'தட்டு' என்ற சத்தம் தினமும் அதே இடத்தில், அதே வேளையில், அதே பொருளோடு வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெப் ராய் தன் வீடு முழுக்க கேமராவும் மைக்கும் பொருத்தி, தன் மகன் பேசக் கற்றதைப் பதிவு செய்தார். குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட வேளை என்று ஒட்டிக்கொண்டு வந்த சொற்களைக் குழந்தை சீக்கிரம் பேசியது என்று 2015இல் அவர் குழு எழுதியது. அது ஒரே ஒரு குழந்தைதான், உண்மை. ஆனாலும் தளியில் ஒரு பால்வாடி டீச்சரைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும்: வரிசைதான் முக்கியம், கடிகாரம் இல்லை. சோறு பத்து நிமிடம் பிந்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தூங்க வைத்துவிட்டு அப்புறம் சோறு என்றால் பார்க்க வேண்டும் கலாட்டாவை.

மாங்காய் சீசனில் இது சிக்கலாகிவிடும். கூழ் ஆலைக்குப் போகும் அம்மாக்கள் பிந்தி வருவார்கள். தூங்கி எழுந்தாயிற்று, அம்மா இல்லை. "இன்னும் கொஞ்ச நேரம்" என்ற சொல் அந்த வயதில் எதற்கும் உதவாது என்று ஆயாம்மாவுக்குத் தெரியும். அதனால் வரிசையில் இன்னொன்றைச் செருகிவிட்டார்: "செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து வைங்க, அம்மா வருவாங்க." பிள்ளைகள் மும்முரமாக அடுக்குகிறார்கள். அப்படியும் யாரும் வரவில்லை என்றால், ஆயாம்மா தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி போய், காலால் ஒரு தள்ளு தள்ளிக் கலைத்துவிட்டு வருகிறார்.