"நாளையிலிருந்து வராதே" என்று சொல்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமும் கடை, ஓட்டல், சிறு பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் என்னைத் தேடி வருவது பெரும்பாலும் சி.சி.எம்.ஏ.விலிருந்து (முதலாளி, தொழிலாளி தகராறுகளைச் சமரசம் பேசியோ தீர்ப்புச் சொல்லியோ முடித்து வைக்கும், சட்டப்படி அமைந்த அமைப்பு) கடிதம் வந்த பிறகுதான். ஆளை வேலையை விட்டு அனுப்பும் முன்பே வந்திருந்தால் பாதி வழக்குகள் பிறந்தே இருக்காது.

வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் 30 நாட்களுக்குள் சி.சி.எம்.ஏ.வில் புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். "இன்னும் தகுதிகாண் காலம்தானே, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாமே" என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, அவருக்கும் புகார் கொடுக்க உரிமை உண்டு.

முதலாளிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: கல்லாவில் கை வைத்தது கேமராவிலேயே பதிவாகியிருக்கிறது, அப்புறம் எதற்கு விசாரணை? 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. காரணம் நியாயமானதா, அனுப்பிய முறை நியாயமானதா. காரணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் முறை தவறினால் இழப்பீடு கொடுக்க நேரலாம், அது 12 மாதச் சம்பளம் வரை போகலாம், சின்னக் கடைக்கு அது ஒரு வருட லாபத்தையே விழுங்கிவிடும்.

விசாரணை என்றால் கோர்ட் மாதிரி எதையோ நினைத்துப் பயப்படுகிறார்கள். அவ்வளவு ஒன்றும் இல்லை. குற்றச்சாட்டு என்ன என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுங்கள் (அவர் ஜூலு பேசுபவர் என்றால் ஜூலுவில்), பதில் தயார் செய்ய ஓரிரு நாள் விடுங்கள், கூட வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு அழைத்துவர அனுமதியுங்கள், அவர் சொல்வதை உண்மையாகவே காது கொடுத்துக் கேளுங்கள், பிறகு முடிவை எழுதிக் கொடுங்கள். கடையின் பின்கட்டில் ஒரு மேசை போதும்.

கல்லாவில் பணம் குறைந்தால் வெள்ளிக்கிழமை சம்பளத்தில் அப்படியே பிடித்துக்கொள்வது நம் கடைகளில் ரொம்ப சாதாரணம். அது சட்டப்படி செல்லாது. அவர் தவறால்தான் குறைந்தது என்று காட்ட வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும், அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அப்படிச் செய்தாலும் ஒரு தடவையில் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் பிடிக்க முடியாது.

தாமதமாக வருவதுதான் இன்னொரு ஓயாத புகார். ஊருக்கு வெளியே உம்லாசியிலிருந்தோ க்வாமாஷுவிலிருந்தோ இரண்டு டாக்சி (இங்கே டாக்சி என்றால் ஆள் நிரம்பிய பிறகே கிளம்பும் வேன்) மாறி வருபவருக்கு முதல் டாக்சி நிரம்பிக் கிளம்பாவிட்டால் கடை திறக்கும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஆள் எடுக்கும்போதே எப்படி வருவீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ப ஷிஃப்டை அரை மணி நேரம் தள்ளிக் கொடுத்தால் நல்ல ஆளை இழக்காமல் இருக்கலாம். அப்படியும் தாமதம் தொடர்ந்தால் வருகைப் பதிவேட்டில் நேரத்தைக் குறித்து, எச்சரிக்கையை எழுத்தில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வையுங்கள். பத்து தடவை திட்டியது சி.சி.எம்.ஏ.வில் சாட்சியாக நிற்காது.

வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒரு தாளில் வேலை, சம்பளம், நேரம், விடுப்பு, நோட்டீஸ் காலம் எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். சாதாரண வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி, அதற்கு மேல் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு. நோட்டீஸ் முதல் ஆறு மாதம் ஒரு வாரம், ஒரு வருடம் வரை இரண்டு வாரம், அதற்குப் பிறகு நான்கு வாரம். யு.ஐ.எஃப்.புக்கு (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) ஆள் பங்கு சம்பளத்தில் ஒரு சதவீதம், உங்கள் பங்கு ஒரு சதவீதம். சொந்தக்காரர் சொல்லி வந்த பையன், தெரிந்த குடும்பம் என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள், தெரிந்த குடும்பம் என்றால்தான் மனக்கசப்பும் அதிகம்.

கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டதா? குறிப்பிட்ட தேதிக்குக் கட்டாயம் போங்கள். நீங்கள் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதப்படலாம், அதை மாற்றத் தனியாக மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கும்.