எம்.ஏ. வரலாறு படித்தால் அருங்காட்சியக வேலை கிடைக்குமா?

"எம்.ஏ. ஹிஸ்டரி முடிச்சிட்டேன் சார், மியூசியத்துல ஏதாவது வேலை இருக்குமா?" போன வாரமும் ஒரு பெண் இதே கேள்வியோடு வந்தார். நல்ல மதிப்பெண். ஆனால் இரண்டு வருடப் படிப்பில் ஒரு கல்வெட்டு மைப்படியைக்கூட (கல்லெழுத்தைத் தாளில் மையால் எடுக்கும் படி) அவருக்கு யாரும் காட்டவில்லை. சென்னையிலேயே படித்தவர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வாசலை மிதித்ததில்லை. அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன பயன்? சேரும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அருங்காட்சியகம் என்றால் வரலாறு படித்தவர்களுக்கான இடம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே பாறை, கனிம மாதிரிகளை வைத்துத்தான். அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் பிறகு வந்தவை. இன்றும் அங்கே தாவரவியல், விலங்கியல், நிலவியல், மானிடவியல், நாணயவியல் எல்லாவற்றுக்கும் தனிப் பிரிவு உண்டு. வேதியியல் முறைப் பாதுகாப்புக்குத் தனி ஆய்வகம் உண்டு. தாவரப் பிரிவின் உலர்தாவரத் தாள்களை (செடிகளை உலர்த்தி ஒட்டிவைத்த தாள்கள்) பார்த்துக்கொள்ளத் தாவரவியல் படித்தவர்தான் வேண்டும். "ஏதாவது ஒரு எம்.ஏ. போதும்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி இரண்டு வருடத்தைக் கொடுக்காதீர்கள். சேகரிப்புகளுக்குப் பொறுப்பான காப்பாட்சியர் (க்யூரேட்டர்) பணிக்கு அறிவிக்கை வரும்போது எந்தப் பாடத்தில் முதுகலை வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பழைய அறிவிக்கைகளைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு அப்புறம் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைகீழாகச் செய்துவிட்டு வந்து கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டேன்: செப்புத் திருமேனியில் வெளிர்பச்சையாகப் பொடி பூத்தால் என்ன செய்வீர்கள்? "துடைத்துவிடுவேன்" என்றார். அது தூசி இல்லை அம்மா, குளோரைடு. ஈரக்காற்று பட்டால் உலோகத்தையே அரிக்கும். துடைத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பூக்கும். அதே திருமேனியைக் கையைப் பிடித்தோ பின்னால் வளைவாக இருக்கும் திருவாசியைப் பிடித்தோ தூக்கக் கூடாது, பீடத்துக்கு அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். இதையெல்லாம் கைப்பழக்கத்தில்தான் கற்க முடியும்.

அதற்கென்றே படிப்புகள் இருக்கின்றன. வடோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை நடக்கிறது. கல்கத்தா, பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கல்வெட்டு, அகழாய்வு பக்கம் ஆர்வம் என்றால் நம் மாநிலத் தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் வரலாறு தனி, தொல்லியல் தனி, அருங்காட்சியகவியல் தனி. இது தெரியாமல் விண்ணப்பம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் படியுங்கள், ஆனால் மூல ஆவணத்தைப் படிக்கிற ஆளாக வெளியே வாருங்கள். பழைய எழுத்து ஒன்றாவது கைவசம் இருக்கட்டும்: தமிழ் பிராமியோ வட்டெழுத்தோ கிரந்தமோ. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் மோடி எழுத்து (மராத்தியை எழுதிய பழைய எழுத்து) ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, அதைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்லில் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, பாதி காய்ந்ததும் மை ஒற்றி எடுக்கிற ஒரு மைப்படியை நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கருப்புத் தாளில் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும்போது இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சில வாரங்களில் "மியூசியம் நிபுணர்" சான்றிதழ் தருகிறோம் என்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது சும்மா இருக்கட்டும் என்று அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தால், தயவுசெய்து அதை அருங்காட்சியகக் கனவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பணியிடங்கள் குறைவு, அறிவிக்கை வர வருடக்கணக்காகலாம். பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள், பி.எட். போல இன்னொரு வழியையும் திறந்து வையுங்கள்.

சேரும் முன் துறைக்கு நேரில் போய்க் கேளுங்கள்: போன வருட மாணவர்கள் எங்கே களப்பணி செய்தார்கள்? எந்த அருங்காட்சியகத்தில் பயிற்சி? இடத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் மழுப்பினால் பணம் கட்டாமல் திரும்பி வாருங்கள்.