ஆட்டோமேஷன்: இயங்குவதா, இயக்குவதா?

ஒரு சிற்றிதழுக்காக மாதம் 60, 70 படங்களைச் சுருக்கிப் பெயர் மாற்றிக் கொடுப்பது என் வேலை. மேக் கணினியில் ஆட்டோமேட்டர் என்றொரு செயலி இருக்கிறது, 2005இல் மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்போடு வந்தது. படத்தை எடு, அளவைக் குறை, பெயரை மாற்று என்று படிகளை அடுக்கி, அதை ஒரு வொர்க்ஃப்ளோவாகச் சேமித்து வைத்திருக்கிறேன். அதை ஓட்டச் சுட்டியைத் தொட வேண்டியதில்லை. கட்டளைகளை எழுத்தாக அடிக்கும் டெர்மினல் என்ற சாளரத்தைத் திறந்து, அதே செயலியின் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு வொர்க்ஃப்ளோ கோப்பின் பாதையை, அதாவது அது இருக்கும் இடத்தை, கொடுத்தால் போதும். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லையென்றால் ஒரு பெயரை இரண்டாக எண்ணிக்கொண்டு திணறும். 2021இல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து, ஷார்ட்கட்ஸ் என்ற இதே மாதிரியான செயலிக்கும் இப்படி ஒரு கட்டளை உண்டு.

ஒரு நாள் இரவு இப்படி ஓடவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஒரு படம்கூட மாறவில்லை. 'எந்தக் கோப்புகள்?' என்று கேட்டபடி ஒரு பெட்டி திரையில் நின்றது. கோப்பைக் கேட்கும் படியை நான்தான் நீக்க மறந்திருந்தேன். தானாக இயங்குவது என்று பெயர், விடிய விடிய எனக்காகக் காத்திருக்கிறது! அப்புறம்தான் ஆட்டோமேஷன் என்ற இந்தச் சொல்லைக் கிளறிப் பார்த்தேன்.

வேர் கிரேக்கம். 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. பின்பாதியான 'மாட்டோஸ்' மனம், நினைப்பு சார்ந்த வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத மனஸ், மதி எல்லாம் அதற்கு உறவு. ஆக, ஆட்டோமாட்டோஸ் என்றால் தன் எண்ணப்படி நடப்பது. கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்தில் ஹெஃபைஸ்டஸ் என்ற கொல்லர் தெய்வம் செய்த முக்காலிகள், பொற்சக்கரங்களில் தாமாகவே தேவர் சபைக்கு உருண்டு போய்த் திரும்பும். அங்கே வருவது இந்தச் சொல்தான். 'ஆட்டோமேஷன்' என்ற வடிவம் மிகப் பிந்தியது. 1940களில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் உயரதிகாரியாக இருந்த டெல்மர் ஹார்டர் அதைப் பரப்பினார். ஓர் இயந்திரத்திலிருந்து அடுத்த இயந்திரத்துக்குப் பாகங்கள் கைபடாமல் நகர்வதற்குப் பெயர் அது.

நம் தெருவில் ஓடும் ஆட்டோவிலும் இருப்பது அதே ஆட்டோஸ்தான். ஆனால் அதை ஓட்ட ஒருவர் வேண்டும், மீட்டருக்கு மேலும் கேட்பார்.

தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. தான் + இயங்கி, தானியங்கி. தன் + இயக்கம், தன்னியக்கம். 'தன்' தனிக்குறிலும் ஒற்றுமாக இருப்பதால் னகரம் இரட்டிக்கிறது. இலங்கையில் பின்னதைக் கூடுதலாகக் காணலாம். சின்ன வயதில் தானியங்கியை ஏதோ தானியம் அரைக்கும் பொறி என்றே நினைத்தேன். என் வழக்கம் இது: பொருளைச் சொன்னால் தானியங்கி, செயல்முறையைச் சொன்னால் தன்னியக்கம். கிரேக்கச் சொல்லை விட இவை நேர்மையானவை என்றும் தோன்றுகிறது. மனம் இருப்பதாக இவை சொல்லவில்லை, அசைவு இருப்பதாக மட்டுமே சொல்கின்றன.

ஆங்கிலத்தில் நிரல் ஓடுவதற்கும் அதை நாம் ஓட்டுவதற்கும் 'ரன்' என்ற ஒரே சொல். தமிழில் இரண்டும் வேறு: ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு, இயங்கு–இயக்கு. ஒவ்வொரு இணையிலும் முதலாவது தன்வினை, அடுத்தது பிறவினை. எனவே டெர்மினலில் நான் செய்தது இயக்குதல். அதன் பிறகு வொர்க்ஃப்ளோ செய்ய வேண்டியது இயங்குதல். அன்றிரவு இயக்குதல் நடந்தது, இயங்குதல் பாதியில் நின்றது.

சரி, 'கமாண்ட் லைனிலிருந்து வொர்க்ஃப்ளோவை ரன் செய்வது' என்ற முழுத் தொடரையும் தமிழில் எப்படிச் சொல்வது? வொர்க்ஃப்ளோவுக்குப் பணிப்பாய்வு நன்றாகவே நிற்கிறது, கட்டளை வரியும் பழகிவிட்டது. 'கட்டளை வரியிலிருந்து பணிப்பாய்வை இயக்குதல்' என்றால் யாருக்கும் குழப்பம் வராது. நண்பரிடம் பேசும்போது 'டெர்மினல்ல ஓட்டு' என்றுதான் சொல்வேன், அதில் தப்பில்லை.

இடைமுகத்தை, அதாவது மென்பொருளின் திரையில் தெரியும் பொத்தான்களையும் சொற்களையும், மொழிபெயர்க்கும்போதுதான் கவனம் தேவை. ஒரு மென்பொருளில் பச்சைப் பொத்தானின் மேல் 'ஓடு' என்று எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்துபவரை விரட்டுவது போல இருந்தது. ஒற்றுச் சேர்த்து 'ஓட்டு' என்று திருத்தினால் தேர்தல் நினைவுக்கு வரும். பொத்தானில் 'இயக்கு', அழுத்திய பிறகு 'இயங்குகிறது', வேலை முடிந்ததும் 'முடிந்தது'. என்னுடையதைப் போல நடுவில் நின்றுவிட்டால் 'உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று போடலாம்.