ஆஸ்துமா நோயாளியே அளவுகோல்: அமெரிக்கத் தூய காற்றுச் சட்டமும் வழக்காடும் மருத்துவர்களும்

காற்றில் மாசு எந்த அளவு வரை இருக்கலாம் என்பதை முடிவுசெய்ய, 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் முதன்மையான அளவுகோலாக ஒன்றைத் தருகிறது: மக்களின் உடல்நலம். ஓசோன், துகள்கள், கார்பன் மோனாக்சைடு, ஈயம், சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகிய ஆறு மாசுகளுக்கும் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உச்சவரம்பு விதித்திருக்கிறது. சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி அந்த வரம்பு உடல்நலத்தைக் காக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அறிவியல் இன்னும் உறுதிசெய்யாத தீங்குகளை மனத்தில் வைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் பாதுகாப்பைச் சேர்க்க வேண்டும்.

வரம்பை விதிக்கும்போது தொழிற்சாலைக்கு எவ்வளவு செலவாகும் என்று பார்க்கவே கூடாது. லாரிப் போக்குவரத்துச் சங்கங்கள் தொடுத்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக இப்படித் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பழமைவாத நீதிபதியாக அறியப்பட்ட அன்டோனின் ஸ்காலியா. செலவுக் கணக்குக்கு இடமே இல்லை என்பதல்ல. வரம்பை எட்ட மாநிலங்கள் திட்டம் தீட்டும்போது அதைப் பார்க்கலாம். எது பாதுகாப்பான காற்று என்ற கேள்விக்குள் மட்டும் அது நுழையக் கூடாது.

ஆக, சட்டம் கேட்பது மருத்துவக் கேள்வி. அதனால்தான் அந்த நாட்டில் நுரையீரல் மருத்துவர்களும் குழந்தை மருத்துவர்களும் அரசு முகமைக்கு எதிராக வழக்கில் நிற்பது அரிய செய்தியாக இல்லை.

யாருடைய உடல்நலம்?

திடகாத்திரமான ஓர் இளைஞன் தாங்கும் காற்றை, ஆஸ்துமா உள்ள எட்டு வயதுக் குழந்தை தாங்காது. இருவரில் யாரை வைத்து வரம்பு விதிப்பது? சட்டம் உருவானபோது செனட் குழு அளித்த அறிக்கையே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. ஆஸ்துமா, எம்ஃபிசிமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) போன்ற நோய்களோடு அன்றாடம் வெளியே நடமாடுகிறவர்கள் பாதுகாக்கப்பட வேண்டிய கூட்டத்தில் அடக்கம். சட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். பலவீனமானவர்களை விதிவிலக்காகத் தள்ளிவைக்காமல், அவர்களையே அளவுகோலாக வைத்துவிட்டது.

ஆனால் எழுதிவைத்த சட்டம் தானாக நடந்துவிடுவதில்லை. சல்பர் டை ஆக்சைடு விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும். நிலக்கரி மின்நிலையங்களும் உலோக உருக்காலைகளும் சில நேரங்களில் இந்த வாயுவைத் திடீரென்று அதிக அளவில் கக்கும். ஐந்து பத்து நிமிடங்களில் அது கலைந்துவிடும். ஒரு நாள் முழுவதற்குமான சராசரியில் பார்த்தால் காற்று சுத்தமாகத்தான் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே ஓடியாடிக்கொண்டிருக்கும் ஆஸ்துமா நோயாளிக்கோ மூச்சுக்குழல் சுருங்கி இளைப்பு வந்துவிடும். இந்தக் குறுகிய நேரப் பாய்ச்சலுக்குத் தனி வரம்பு வேண்டும் என்று அமெரிக்க நுரையீரல் சங்கம் கேட்டது. இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை ஆகாது என்று சொல்லி 1996-இல் முகமை மறுத்தது.

சங்கம் வழக்குத் தொடுத்தது. தலைநகர் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இத்தனை ஆஸ்துமா நோயாளிகள் பாதிக்கப்படலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அது ஏன் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்பதற்கு முகமை காரணம் சொல்லவில்லை. சொல்லியாக வேண்டும் என்று நீதிமன்றம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. சராசரி ஆரோக்கியமுள்ளவர்களை மட்டுமல்ல, குழந்தைகள், ஆஸ்துமா நோயாளிகள் போன்ற எளிதில் பாதிப்புக்குள்ளாகும் குடிமக்களையும் வரம்பு காக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. அதன் பலன் கைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நூறு கோடிப் பங்கு காற்றில் 75 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஒரு மணி நேர வரம்பு 2010-இல்தான் வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட ஆஸ்துமாக் குழந்தைகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

இந்த நுரையீரல் சங்கம் 1904-இல் காசநோய் ஒழிப்புக்காக மருத்துவர்களும் பொதுமக்களும் சேர்ந்து தொடங்கியது. நுரையீரல் மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான அமெரிக்க மார்புநோய்ச் சங்கம், நெடுங்காலம் அதன் மருத்துவப் பிரிவாக இருந்ததே.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை

அறிவியல் வளர்வதால், ஒவ்வொரு வரம்பையும் ஐந்து ஆண்டுக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. முகமை இந்தக் கெடுவை அடிக்கடி தவறவிடுகிறது. துகள்களுக்கான வரம்பு 1987-இல் திருத்தப்பட்டது. அடுத்த கெடுவான 1992 கடந்துபோயிற்று. அதற்கு மறு ஆண்டு, ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு நகரங்களில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளிவந்தது. நுண்துகள் அதிகமுள்ள நகரங்களில் மரண விகிதமும் கூடுதலாக இருந்தது. கெடு தவறியதை எதிர்த்து நுரையீரல் சங்கம் அதே ஆண்டு அரிசோனாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1994-இல் நீதிமன்றம் கெடு விதித்தது. அதன் விளைவாக 1997-இல், 2.5 மைக்ரான் அளவுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு முதல்முறையாகத் தனி வரம்பு வந்தது: ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம்.

அந்த 15-ம் போதாது என்று சங்கமும் மற்ற அமைப்புகளும் மறுபடி வழக்காடின. அது எப்படிப் போதும் என்று முகமை சரியாக விளக்கவில்லை என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. 2012 டிசம்பரில் வரம்பு 12 ஆனது; அதற்கும் நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் 9 ஆனது. இந்த 9-ஐ எட்டினால் 2032-ஆம் ஆண்டில் மட்டும் 4,500 அகால மரணங்கள் வரை தவிர்க்கலாம் என்பது முகமையின் சொந்தக் கணக்கு. அதே முகமை, ஆட்சி மாறியபின் 2025 நவம்பரில், தன் வரம்பைத் தானே ரத்துசெய்யும்படி நீதிமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஆட்சி மாறினால் விதியும் ஆட்டம் காணும் நாட்டில், வழக்கு என்பது ஒருமுறை போட்டு முடிக்கும் வேலையாக இருப்பதில்லை.

யார் ஆலோசனை சொல்வது என்பதும் வழக்குக்கு உரியதே. வரம்புகளைப் பற்றி முகமைக்கு அறிவுரை கூற ஏழு பேர் கொண்ட அறிவியல் குழு ஒன்று உண்டு. அதில் ஒருவராவது மருத்துவராக இருக்க வேண்டும் என்பது சட்ட விதி. முகமையின் ஆய்வு நிதியைப் பெறுகிறவர்கள் அதன் ஆலோசனைக் குழுக்களில் இருக்கக் கூடாது என்று 2017 அக்டோபரில் அப்போதைய நிர்வாகி ஓர் உத்தரவு போட்டார். காற்று மாசைப் பற்றி நன்கு ஆராய்ந்த பலருக்கு இதனால் கதவு அடைபட்டது. தொழில்துறையிடம் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அப்படி ஒரு தடை இல்லை. சமூகப் பொறுப்புணர்வுக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பு முதல் மனுதாரராக நின்று வழக்காடியது. நீண்ட கால நடைமுறையை மாற்றியதற்கு முகமை உரிய காரணம் காட்டவில்லை என்று 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்தால் முடியாதவை

வரம்பு எத்தனை மைக்ரோகிராம் என்று நீதிபதிகள் எழுதித் தருவதில்லை. முகமை காட்டிய காரணம் ஏற்கத்தக்கதா, சட்டத்துக்கு உட்பட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள். வென்ற வழக்கும் கைநழுவலாம். மின்நிலையங்களின் கரியமில வாயுவுக்கான தளர்வான விதியை எதிர்த்து நுரையீரல் சங்கம் 2021 ஜனவரியில் வென்றது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப் போட்டது.

ஒரு மருத்துவர் எப்படி நுழைவது?

இறுதி விதி அரசிதழில் வந்த 60 நாட்களுக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நாடு முழுமைக்குமான விதி என்றால் வாஷிங்டனில் உள்ள கொலம்பியா வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் இடம். முகமை கெடுவைத் தவறவிட்டது என்பது குறை என்றால், முதலில் 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு மாவட்ட நீதிமன்றம் போகலாம். இரண்டிலும் வழக்குத் தொடரும் தகுதியைக் காட்ட வேண்டும். சங்கம் வழக்காடினால், பாதிப்புக்கு உள்ளாகும் உறுப்பினர் ஒருவராவது பிரமாணப் பத்திரம் தர வேண்டும். மருத்துவர் என்பதாலேயே தகுதி வந்துவிடாது.

வழக்கில் தரப்பாகச் சேராமலும் பேசலாம். நீதிமன்றத்துக்கு உதவும் நண்பராக, அதாவது அமிகஸ் கியூரியாக, மருத்துவச் சங்கங்கள் மனுத் தாக்கல் செய்கின்றன. மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் இதற்குப் பொதுவாக 6,500 சொற்கள்தான் இடம். சட்ட வாதம் மற்றவர்கள் செய்வார்கள். இந்த மனுவில் வேண்டியது, இந்த மாசு உடலுக்குள் போய் என்ன செய்கிறது, யாருக்கு முதலில் செய்கிறது என்ற மருத்துவ விளக்கம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வரைவு விதி வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கால அவகாசம் தரப்படும். அப்போது போதிய விவரத்துடன் எழுப்பாத ஆட்சேபத்தைப் பொதுவாகப் பிறகு நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. நீதிபதிகள் பார்ப்பதும் முகமையின் கோப்பில் ஏறிய ஆவணங்களைத்தான். "காற்று மாசு கெட்டது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. எந்த மாசு, எந்தப் பருவத்தில், என்ன அளவில், எந்த வயதினருக்கு என்ன பாதிப்பு, எந்த ஆய்வு அதைக் காட்டுகிறது, முன்மொழிந்த எண் ஏன் போதாது என்று நோயாளியின் அடையாளம் வெளிப்படாமல் எழுதி, அவகாசம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய கடிதத்துக்கு முகமை பதில் சொல்லியே தீர வேண்டும். இறுதி விதியோடு, வந்த முக்கியமான கருத்துகள் ஒவ்வொன்றுக்குமான பதிலையும் வெளியிடுவது அதன் சட்டக் கடமை.